வைப்பர் மெதுவாக ஓடினால், மோட்டாரை மாற்றும் முன்

எங்கள் வீட்டுக் கார் ஒரு பழைய ஹாட்ச்பேக். வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. கொஞ்ச காலமாகவே அதன் முன்கண்ணாடி வைப்பர் மந்தமாகிக்கொண்டே வந்தது. கொட்டுகிற மழையில் எப்படியோ ஓடிவிடும், தூறலில்தான் சிக்கல். பாதி வழியில் தயங்கும், திரும்பும்போது முனகும். வேகத்தைக் கூட்டினால் சத்தம் கூடுமே தவிர வேகம் பெரிதாகக் கூடாது. அணைத்ததும் கீழே போய்ப் படுக்க வேண்டிய வைப்பர் சில நேரம் கண்ணாடி நடுவிலேயே நின்றுவிடும். கூடவே கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷரும் மக்கர். லீவரை இழுத்தால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். இடது நாசிலில் நாலு சொட்டு வழியும், வலது நாசிலில் அதுவும் இல்லை.

இரண்டு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். இரண்டிலும் ஒரே பதில்: "மோட்டார் போயிடுச்சு சார், மாத்திடுங்க." ஒருவர் பானட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு அதில்தான் சந்தேகம். வைப்பர் மோட்டார் அவ்வளவு சுலபமாகச் சாகிற சாமான் இல்லை. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற கம்பி, மூட்டு, சுழல்தண்டு எல்லாம் வெயிலிலும் மழையிலும் கிடப்பவை. முதலில் கெடுவது அவைதான். சென்னையில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் இதை நானே பிரித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது. வைப்பர் மெதுவாக ஓட மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். மோட்டாருக்குப் போதிய மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டாரே பழுது, அல்லது மோட்டார் இழுக்க வேண்டிய சுமை கூடிவிட்டது. இந்த மூன்றையும் பிரித்தறிய ஒரு மல்டிமீட்டரும், கம்பியை வெளியிலிருந்து கவ்விப் பிடித்தே டிசி ஆம்பியரை அளக்கிற கிளாம்ப் மீட்டரும் போதும். கிளாம்ப் மீட்டர் எதற்கென்றால், சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் வரம்பை சிக்கிக்கொண்ட வைப்பர் மோட்டார் ஒரு நொடியில் தாண்டிவிடும்.

எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை நன்றாக நனைத்து, வைப்பரைக் குறைந்த வேகத்தில் போட்டேன். பேட்டரியில் 14.1 வோல்ட். மோட்டார் கனெக்டரின் பின்பக்கமாகக் குத்திப் பார்த்தால் 13.7. எர்த் கம்பிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.1 வோல்ட். ஆக, ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், எர்த் எல்லாம் சரி. மின்சாரம் ஒழுங்காக வந்து சேர்கிறது. அடுத்து கிளாம்ப் மீட்டர்: 7 ஆம்பியர், நடுநடுவே 8. இந்த அளவு கார்களில் நனைந்த கண்ணாடியில் 3, 4 ஆம்பியர் போதும். வோல்டேஜ் சரியாக இருந்து ஆம்பியர் இரட்டிப்பானால், மோட்டார் எதையோ மல்லுக்கட்டி இழுக்கிறது என்று பொருள். அல்லது அதன் உள்சுற்றில் ஷார்ட் இருக்கலாம். இரண்டில் எது என்பது லிங்கேஜை, அதாவது முன்பு சொன்ன கம்பி, மூட்டு, சுழல்தண்டு அமைப்பைப் பிரித்தால்தான் தெரியும்.

பிளேடைத் தாங்கும் ஆர்ம்களைக் கழற்றும் முன் அவை படுத்திருக்கும் இடத்தைக் கண்ணாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளிப்போனாலும் பிளேடு கண்ணாடி ஓரத்துப் பட்டையில் போய் இடிக்கும். இன்னொன்று, கண்ணாடி மேல் கெட்டியான அட்டையோ மடித்த பழைய பெட்ஷீட்டோ போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிளேடு இல்லாத ஆர்ம் ஸ்பிரிங் வேகத்தில் கண்ணாடியில் அடித்தால் கீறல் விழாது, நேரே விரிசல்தான். எங்கள் குடியிருப்பில் கார் துடைக்கிறவர் துடைத்து முடித்ததற்கு அடையாளமாக எல்லாக் கார்களின் வைப்பரையும் தூக்கி நிறுத்திவிட்டுப் போவார். அதை இறக்கிவிடும்போது கையை எடுக்காமல் இறக்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆர்மின் அடியில் இருக்கும் மூடியைத் தூக்கினால் 14 நம்பர் நட்டு. நட்டு கழன்றாலும் ஆர்ம் வரவில்லை. சுழல்தண்டின் தலை மேலே குறுகலாக, சுற்றிலும் நுண்ணிய பற்களோடு இருக்கும். ஆர்மின் வார்ப்பு அதில் பிடித்துப்போய்விடும். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்து, ஆர்மை மேலே மடக்கிப் பிடித்து இடவலமாக அசைத்ததில் இடது பக்கம் வந்துவிட்டது. ஓட்டுநர் பக்கம் அசையவில்லை. அங்கே ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பக் கூடாது. பேட்டரி டெர்மினல் கழற்றுகிற சின்ன புல்லர் இதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். டக் என்று ஒரு சத்தம், கையோடு வந்துவிட்டது.

கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் ஜாலியைக் கழற்றியதும் விஷயம் பாதி வெளிச்சமாகிவிட்டது. உள்ளே வேப்பிலை, வேப்பம்பூ, மண், எல்லாம் சேர்ந்து மக்கிய கறுப்புச் சேறு. இந்தப் பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வடிய துவாரம் உண்டு. இரண்டும் அடைபட்டிருந்தன. மரத்தடியில் நிற்கிற கார்களுக்கு இது பொதுவான நோய். மழைத் தண்ணீர் வடியாமல் தேங்கி, சுழல்தண்டின் அடிப்பாகமும் மோட்டார் மூடியும் நனைந்துகொண்டே இருந்திருக்கின்றன. காருக்குள் காற்று போகிற வழியும் இந்தப் பள்ளத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஏசி போட்டதும் வந்த மக்கல் வாடைக்கும் இதுவே காரணம். வாடை போக்க நான் வாங்கித் தொங்கவிட்ட எலுமிச்சை வாசனைப் பாட்டிலைத் தூக்கிப் போட்டேன்.

சேற்றை அள்ளிவிட்டு, மோட்டாரின் கிராங்க் கையிலிருந்து நீளக் கம்பியின் பந்து மூட்டை நெம்பிக் கழற்றினேன். இப்போது மோட்டார் தனி, லிங்கேஜ் தனி. சுவிட்சைப் போட்டால் மோட்டார் சும்மா பறந்தது. ஆம்பியர் ஒன்றரை. உயர் வேகத்தில் போட்டால் நன்றாகவே வேகம் கூடியது. அணைத்தால் அதே இடத்தில் கச்சிதமாக நின்றது. மோட்டார் மேல் குற்றமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. பிறகு லிங்கேஜைக் கையால் அசைத்துப் பார்த்தேன். இடது சுழல்தண்டு ஒற்றை விரலுக்கு ஆடியது. ஓட்டுநர் பக்கத்துத் தண்டைத் திருப்ப பிளையர் தேவைப்பட்டது. இரண்டு வைப்பரும் ஒரே கம்பியில் பிணைந்திருப்பதால் ஒன்று இறுகினால் இரண்டுமே மெதுவாகிவிடும். அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்தப் பக்கம் கோளாறு என்று தெரியாது, மோட்டார்தான் போச்சு என்று தோன்றும்.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், மீதிப் பழுதுகள் அப்போதுதான் புரியும். மோட்டார் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும், திரும்பிச் சுற்றாது. அதன் தண்டில் திருகுபோல வெட்டிய வார்ம் கியர். அது ஒரு பெரிய பிளாஸ்டிக் பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. வேகம் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்து, விசை பல மடங்கு கூடுகிறது. பற்சக்கரத்தின் தண்டில் ஒரு குட்டைக் கை, அதுதான் கிராங்க். கிராங்க் முழு வட்டம் சுற்ற, அதில் மாட்டிய கம்பி முன்னும் பின்னும் போக, சுழல்தண்டு அரைகுறை வட்டமாக இப்படியும் அப்படியும் திரும்புகிறது. தையல் மெஷினில் கால் பெடல் ஆட்டம் சக்கரத்தின் சுழற்சியாக மாறுகிறதே, அதன் தலைகீழ். கிராங்கின் ஒரு சுற்று, வைப்பர் ஒருமுறை போய்த் திரும்புவதற்குச் சமம். இரண்டு ஓரத்திலும் கிராங்கும் கம்பியும் ஒரே கோட்டில் வந்துவிடுவதால் பிளேடு மெல்ல நின்று மெல்லத் திரும்புகிறது. மோட்டாரைத் திசை மாற்றி முட்டவிடும் வேலையே இல்லை.

வார்ம் கியருக்கு இன்னொரு குணமும் உண்டு. மோட்டார் பற்சக்கரத்தைச் சுற்றலாம், பற்சக்கரம் மோட்டாரைச் சுற்ற முடியாது. அதனால் நடுவில் நின்றுபோன வைப்பரைக் கையால் கீழே தள்ளக் கூடாது. நம் பலம் மொத்தமும் அந்த பிளாஸ்டிக் பல்லின் மேல்தான் விழும். மோட்டார் பிழைத்துக்கொள்ளும், பல் உடைந்துவிடும்.

இரண்டு வேகம் எப்படி வருகிறது என்பது எனக்குப் பிடித்த பகுதி. இதற்கு ரெசிஸ்டர் எதுவும் வைக்கவில்லை. மோட்டாருக்குள் இரண்டுக்குப் பதிலாக மூன்று கார்பன் பிரஷ் (சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) இருக்கும். எர்த் பிரஷ்ஷுக்கு நேர் எதிரே இருப்பது குறைந்த வேகத்துக்கு. கொஞ்சம் தள்ளி, சாய்வாக இருப்பது உயர் வேகத்துக்கு. ஓடுகிற மோட்டார் தானே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும், அதுதான் அதன் வேகத்துக்கு வரம்பு கட்டுகிறது. தள்ளி வைத்த பிரஷ் வழியாக மின்சாரம் போகும்போது, எதிர் வோல்டேஜை உண்டாக்கும் சுருள்களின் எண்ணிக்கை அந்த வழியில் குறைகிறது. அதே எதிர் வோல்டேஜை எட்ட மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் இழுவிசை கொஞ்சம் குறைந்துவிடும். சுமை கூடிய என் வைப்பரில் உயர் வேகம் எடுபடாமல் போனது இதனால்தான்.

சரி, சுழல்தண்டுக்கு வருவோம். லிங்கேஜ் மொத்தத்தையும் மூன்று போல்ட் கழற்றி வெளியே எடுத்தேன். தண்டு இரும்பு, அதைப் பிடித்திருக்கும் கூடு அலுமினிய வார்ப்பு. மேலே ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியே தண்ணீர் இறங்கி, கிரீஸ் கழுவிப்போய், இரும்பு துருப்பிடித்து, அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொங்கி, இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. தண்டை நழுவாமல் பிடிக்கும் சர்க்லிப்பை எடுத்து, வளைய வாஷர்களை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைத்து, தண்டின் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டினேன். நேரே சுத்தியல் பட்டால் நட்டு ஏறும் மரை நசுங்கிவிடும். முதலில் அசையவில்லை. துரு எண்ணெய் விட்டு, ஹாட் ஏர் கன்னில் கூட்டை மட்டும் கொஞ்சம் சூடேற்றியதும் இறங்கியது. சூடு பட்டால் இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும், அந்த வித்தியாசம் போதும்.

தண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். பளபளப்பு வேண்டுமென்று அதிகம் தேய்த்தால் தண்டு இளைத்து ஆட்டம் வந்துவிடும், துரு போனால் போதும். கூட்டின் உள்பக்கத்தை, உப்புத்தாள் சுற்றிய பென்சிலால் சுத்தம் செய்து, மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்ததும் தண்ணீருக்குக் கரையாத லித்தியம் கிரீஸ் பூசி மாட்டினேன். ரப்பர் வளையம் ஹார்டுவேர் கடையில் அளவு பார்த்து வாங்கியது, சில்லறைக் காசு. அடுத்த பக்கத்துத் தண்டு நன்றாக ஆடினாலும் அதையும் கழற்றி இதையே செய்தேன். இவ்வளவு பிரித்த பிறகு அதை மட்டும் விட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

பந்து மூட்டுகளில் ஒன்று தேய்ந்து தொளதொளவென்று இருந்தது. வைப்பர் திரும்பும் இடத்தில் கேட்ட டக் டக் சத்தம் அதனுடையதுதான். புதுப்பேட்டையில் தேடினால் பழைய லிங்கேஜ் முழு செட்டாகவே கிடைக்கும். ஆனால் அதுவும் எங்கோ மழையில் நனைந்து, நம்முடையதைப் போலவே இறுகி வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் மூட்டின் பிளாஸ்டிக் கிண்ணம் தனியாகவே கிடைத்தது. கிரீஸ் வைத்து, கட்டை வைத்து அமுக்கினால் ஏறிக்கொள்ளும்.

வைப்பர் நடுவில் நின்றது வேறு கதை. அணைத்த பிறகும் வைப்பர் தானாகப் போய்ப் படுக்கிறதே, அதை நடத்துவது மோட்டார் பற்சக்கரத்தின் முதுகில் இருக்கும் ஒரு பித்தளைத் தட்டு. அதன்மேல் மெல்லிய தகடுகள் உரசிக்கொண்டிருக்கும். நாம் சுவிட்சை அணைத்தாலும் குறைந்த வேகப் பிரஷ்ஷுக்கு இந்தத் தகடு வழியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். படுக்கும் இடம் வந்ததும் தட்டில் ஒரு வெட்டு. அங்கே மின்சாரம் அறுந்து, அதே கம்பி எர்த்தோடு சேர்ந்துகொள்ளும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் ஒரு ஜெனரேட்டர். அதன் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் அதுவே பிரேக் ஆகிவிடுகிறது. இந்த பிரேக் இல்லையென்றால் மோட்டார் தன் வேகத்தில் படுக்கும் இடத்தைத் தாண்டி, மறுபடி மின்சாரம் பெற்று, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தாலும் நிற்காத வைப்பர் உங்களுக்கு வாய்த்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

என் மோட்டாரின் மூடியைத் திறந்தால் கிரீஸ் மெழுகுபோல் இறுகி ஓரமாக ஒதுங்கியிருந்தது. தட்டில் கறுப்புப் படலம். சுமை இல்லாதபோது தாக்குப்பிடித்த அந்தத் தொடுகை, 7 ஆம்பியர் கேட்கும்போது கைவிட்டிருக்கிறது. பழைய கிரீஸை வழித்து, தட்டை காண்டாக்ட் கிளீனர் நனைத்த துணியால் துடைத்து, தகடுகள் நன்றாக அழுந்துகின்றனவா என்று பார்த்து, பற்களுக்குப் புதுக் கிரீஸ் வைத்தேன். தட்டில் கிரீஸை அப்ப வேண்டாம், மெல்லிய பூச்சு போதும். திரும்ப மாட்டும்போது ஒரு ஒழுங்கு உண்டு: கிராங்கை மாட்டும் முன் கனெக்டரைச் செருகி, மோட்டாரை ஓடவிட்டு அணைத்து, அதைப் படுக்கும் நிலையில் நிற்கவிடுங்கள். பிறகுதான் கிராங்கை, கழற்றும் முன் அது நின்ற இடத்தில் வைத்துக்கொண்ட குறிக்கு நேராக மாட்ட வேண்டும்.

விட்டு விட்டு ஓடும் நிலைக்கும் இதே பித்தளைத் தட்டுதான் உதவுகிறது. ரிலே ஒரு சிறு துடிப்பு மட்டும் கொடுத்து மோட்டாரைப் படுக்கையிலிருந்து கிளப்பிவிடும். மீதிச் சுற்றைத் தட்டு முடித்து வைக்கும். அடுத்த துடிப்புக்கு எவ்வளவு நேரம் என்பதை ஒரு கெபாசிட்டர் நிரம்பும் வேகம் முடிவு செய்யும். கெபாசிட்டர், டிரான்சிஸ்டர், மாற்றத்தக்க ரெசிஸ்டர் என்று இதை வடிவமைத்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கியர்ன்ஸ். கண் இமைப்பதைப் பார்த்து யோசித்ததாகச் சொன்னவர். 1964-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1967-ல் பெற்றார். கார் கம்பெனிகள் அவரைச் சேர்க்காமலே அதைப் பொருத்த, 1978-ல் ஃபோர்டு மீது வழக்குப் போட்டார். 1990-ல் ஃபோர்டு ஏறக்குறைய 1 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. சந்தையில் இருந்த பாகங்களைச் சேர்த்ததெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா என்பதுதான் கம்பெனியின் வாதம். என் காரின் ரிலேயைத் திறந்து பார்க்கிற ஆசை இருந்தது. நன்றாக ஓடுகிற சாமானைக் கிளற வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

இனி வாஷர். இது வைப்பரைவிடச் சின்ன வேலை, ஆனால் நம் ஊர்த் தண்ணீரால் அடிக்கடி வருகிற வேலை. டேங்கின் அடியில் ஒரு ரப்பர் வளையத்தில் பம்ப் செருகியிருக்கும். சின்ன டிசி மோட்டார், அதன் முனையில் ஒரு விசிறி. இந்த வகைப் பம்புக்குத் தண்ணீரை மேலே உறிஞ்சத் தெரியாது, தள்ள மட்டுமே தெரியும். அதனால்தான் எப்போதும் டேங்கின் அடிமட்டத்தில் வைக்கிறார்கள். பின் வைப்பர் இருக்கிற கார்களில் பெரும்பாலும் ஒரே பம்பில் இரண்டு வாய் இருக்கும். மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் முன்கண்ணாடிக்கு, கம்பியின் துருவத்தை மாற்றி மறு திசையில் சுற்றினால் பின்கண்ணாடிக்கு.

இந்த ஏற்பாடு பழுது தேடுகிறவனுக்கு வசதி. பின் வாஷரை அழுத்திப் பார்த்தேன், தாராளமாகப் பீய்ச்சியது. அப்படியானால் பம்ப் நலம், டேங்க் வாயில் இருக்கும் வலையும் பெரிதாக அடைக்கவில்லை. முன்பக்கக் குழாயில்தான் ஏதோ. பானட் அடியில் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒவ்வொரு இடத்திலும் லீவரை இழுத்துப் பார்த்துக்கொண்டே போனேன். நடுவில் இருக்கும் ஒருவழி வால்வு வரை தண்ணீர் பாய்ந்தது, அதைத் தாண்டியதும் சொட்டியது. லீவரை இழுத்த உடனே தண்ணீர் பீய்ச்சுவதற்காகக் குழாயில் இருக்கும் நீர் திரும்பிக் கீழே இறங்காமல் பிடித்து வைக்கிற வால்வு இது. உள்ளே பாசியும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகியிருந்தது. புதிதாக வாங்கி மாட்டினேன். மேலே அம்புக்குறி இருக்கும், அது நாசிலைப் பார்த்திருக்க வேண்டும்.

வலது நாசில் முழுவதும் வெள்ளைக் கல். எல்லாம் போர் தண்ணீரின் உபயம். வாஷர் தண்ணீர் நாசில் வாயில் காய்ந்து காய்ந்து உப்பு மட்டும் மிஞ்சும். பானட் சூட்டில் அது இன்னும் வேகமாக நடக்கும். இரண்டு நாசிலையும் கழற்றி வினிகரில் ஊறப் போட்டுவிட்டு, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் துளையைக் குத்தினேன். எங்களுடையது பழைய வகை, துளையுள்ள சின்ன உருண்டை. குண்டூசியைச் செருகி வேண்டிய திசைக்குத் திருப்பலாம். கண்ணாடியின் நடு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே படுகிற மாதிரி வைத்தேன். வண்டி வேகமெடுத்தால் எதிர்க்காற்று தாரையைக் கீழே அழுத்திவிடும். புதுக் கார்களில் விசிறியாகத் தெளிக்கும் நாசில் வருகிறது. அதில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. உள்ளே வெட்டியிருக்கும் வாய்க்காலின் வடிவத்தாலேயே தாரை இடவலமாகப் படபடவென்று ஆடி விரிகிறது. அதற்குள் ஊசி விட்டுக் குத்தினால் அந்த வடிவம் கெட்டுவிடும். வினிகரோடும் பின்புறமிருந்து ஊதும் காற்றோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

டேங்கைக் கழுவி, இப்போது வடிகட்டிய தண்ணீரும் கடையில் கிடைக்கும் வாஷர் திரவமும் கலந்து ஊற்றுகிறேன். ஷாம்பூ ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. நுரை வரும், கண்ணாடியில் படலமும் வரும், இரவில் எதிரே வருகிற விளக்குகள் பூத்துத் தெரியும். வெறும் தண்ணீரிலும் ஒரு சங்கடம் உண்டு. வாஷர் டேங்கில் வெறும் தண்ணீர் வைத்திருப்பதற்கும் லீஜியோனேர் எனும் நுரையீரல் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2010-ல் இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை எச்சரித்தது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளரும் கிருமி அது, தெளிக்கும்போது நுண்துளியாக மூக்கில் ஏறும். பானட் அடியில் வெயிலில் காய்கிற டேங்கை நினைத்தால் திரவம் கலப்பதே மேல் என்று தோன்றியது.

எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டால், வேகம் வந்துவிட்டது, ஆனால் ஓட்டுநர் பக்கத்துப் பிளேடு கீழே வரும்போது தடதடவென்று குதித்தது. மேலே போகும்போது சத்தமில்லை. ஒரே திசையில் மட்டும் குதித்தால் புது பிளேடு வாங்க ஓட வேண்டாம், ஆர்மின் கோணத்தைப் பாருங்கள். பிளேடின் ரப்பர் நுனி கண்ணாடியில் நேராக நிற்பதில்லை, போகும் திசைக்கு எதிராகச் சாய்ந்து இழுபட்டுப் போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் அது மறுபுறம் சாய வேண்டும். ஆர்ம் கொஞ்சம் முறுகியிருந்தால் ஒரு பக்கம் சாய மறுத்து, கண்ணாடியைக் குத்திக்கொண்டே வரும். அதுதான் தடதடப்பு. பிளேடைக் கழற்றிவிட்டு ஆர்மின் நுனி கண்ணாடிக்குச் சமமாகப் படிகிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கம் தூக்கியிருந்தது. துணி சுற்றிய இரண்டு ஸ்பேனரால் மெல்ல முறுக்கி நேராக்கினேன். கண்ணாடியின் மேல் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

ஆர்மின் அழுத்தத்தையும் அளந்தேன். லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசை பிளேடு மாட்டும் இடத்தில் கொக்கிபோட்டு, கண்ணாடியை விட்டு எழும் நேரத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பது. பிளேடின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 15 கிராம் வேண்டும். 45 சென்டிமீட்டர் பிளேடுக்கு 700 கிராம் பக்கம். ஒரு ஆர்ம் 500-ஐக்கூடத் தொடவில்லை. ஸ்பிரிங்கும் கீலும் துருவில் மாட்டியிருந்தன. எண்ணெய் விட்டு மடக்கி நீட்டியதும் சரியாகிவிட்டது.

ரப்பர் மட்டும் புதிது. வைப்பர் ரப்பரின் மேற்பரப்பில் உராய்வைக் குறைக்கக் குளோரின் ஏற்றுவார்கள், சிலவற்றில் கிராஃபைட் பூச்சும் இருக்கும். அந்த மெல்லிய தோல் போனதும் ரப்பர் கண்ணாடியில் ஒட்ட ஆரம்பிக்கும். நம் வெயிலில் மழை பார்க்காமலே அது போய்விடும். கண்ணாடியையும் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். லாரிப் புகையின் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை எந்தப் பிளேடும் துடைக்காது, மெழுகத்தான் செய்யும். வெள்ளைத் துணி இரண்டாவது துடைப்பிலும் கறுத்து வந்தது.

கடைசியாக மறுபடி அளந்தேன். நனைந்த கண்ணாடியில் குறைந்த வேகத்தில் 3.2 ஆம்பியர், நிமிடத்துக்கு 44 வீச்சு. உயர் வேகத்தில் 66. அமெரிக்கப் பாதுகாப்பு விதி 104, உயர் வேகம் நிமிடத்துக்கு 45-க்குக் குறையக் கூடாது, குறைந்த வேகம் 20-க்குக் குறையக் கூடாது, இரண்டுக்கும் குறைந்தது 15 வித்தியாசம் வேண்டும் என்கிறது. பழைய காருக்கு இது தாராளம். அணைத்தால் மாஸ்கிங் டேப் குறியிலேயே வந்து படுக்கிறது.

செலவு என்று பார்த்தால் ரப்பர்கள், வளையங்கள், மூட்டுக் கிண்ணம், ஒருவழி வால்வு, கிரீஸ் எல்லாம் சேர்த்து, சொன்ன மோட்டார் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. பின் வைப்பர் இன்னும் பாக்கி. அதில் லிங்கேஜ் கிடையாது. மோட்டாருக்குள்ளேயே பற்சக்கரமும் கையும் வைத்து நேராகத் தண்டை ஆட்டும் அமைப்பு. தண்டும் டிக்கிக் கதவைத் துளைத்து வெளியே வருவதால் ரப்பர் வளையம் காய்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். டிக்கியின் உள்பக்க அட்டையில் ஒரு ஈரக் கறை தெரிகிறது. அடுத்து அதைத்தான் பிரிக்க வேண்டும்.